மேபலின் கம்பி

பொற்பாறை என்கிற தங்கச் சுரங்க ஊரில், தரைக்கு மேலே இருந்த ஊரைவிடத் தரைக்குக் கீழே இருந்த ஊர் பெரியதாக இருந்த காலத்தில், கிறிஸ்துமஸ் வாரத்து ஒரு சாயங்காலம், தொழிலாளர் மன்றத்து மேடையில் மேபல் என்கிற பெண் ஒரு பாட்டின் நடுவே ‘வா’ என்று இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றபோது பூமி குலுங்கியது. அந்த ஊரில் பூமி குலுங்கினால் என்ன அர்த்தம் என்று பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை விட்டார்கள், கேக் தின்றுகொண்டிருந்தவர்கள் கேக்கை விட்டார்கள், எல்லோரும் விழுந்தடித்துச் சுரங்க வாயை நோக்கி ஓடினார்கள், மேபலும் மேடையில் செருப்பை விட்டுவிட்டு ஓடினாள், அவள் புருஷன் தாவீது அப்போது கீழே ஷிஃப்டில் இருந்தான். அவள் போய்விட்டாள். அவள் பிடித்திருந்த ‘வா’ மட்டும் போகவில்லை.

சுரங்க வாயில் காத்திருப்பதற்கு அங்கே ஒரு முறை உண்டு. ஓடி வந்தவர்கள் பேசக்கூடாது, அழக்கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. கீழே மாட்டிக்கொண்டவர்கள் பாறையில் தட்டினால் மேலே காதில் விழவேண்டும் என்று எந்தக் காலத்திலோ தொடங்கிய வழக்கம் அது. தட்டினாலும் கேட்காத ஆழத்துக்குச் சுரங்கம் போன பிறகும் யாரும் அதை விடவில்லை. ஆட்களை ஏற்றிவரும் கூண்டு மேலே வந்து கடைசி ஆள் இறங்கும்வரை பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். அன்றைக்கு ஆழத்தின் பாரம் தாங்காமல் பாறை வெடித்தது ஆளில்லாத ஒரு மூலையில் என்பதால் எல்லோரும் வந்துவிட்டார்கள். தாவீது முழங்கையில் ஒரு சிராய்ப்போடு வந்து, தலைவிளக்கைக் கழற்றி, பெண்டாட்டியின் காலைப் பார்த்தான்.

“செருப்பு எங்கடி?”

“ஹால்லயே வுட்டுட்டு ஓடியாந்தேன்.”

செருப்பை எடுக்கப் போனபோதுதான் இருவரும் அதைக் கேட்டார்கள். தாவீது வாசலிலேயே நின்றுவிட்டான். “யாரு உள்ள பாடறது?”

“நான்தான்” என்றாள் மேபல்.

அவன் பக்கத்தில் நின்ற அவளையும் காலியாகக் கிடந்த மேடையையும் மாறி மாறிப் பார்த்தான். நாள் முழுக்க இருட்டில் வேலை செய்கிறவனுக்கு ஆச்சரியப்பட அதிகம் தெம்பு இருக்காது. “மீதிய எப்ப பாடுவே?” என்று மட்டும் கேட்டான்.

அந்தப் பாட்டை அவள் அவனுக்காகத்தான் கட்டினாள். கடைசி நேரத்தில் ஷிஃப்டை மாற்றிவிட்டதால் அவனால் கேட்க வரமுடியவில்லை. ‘ஆழம் போன ஆளே, அடுப்புல சோறு வெந்தாச்சு, ஆறிப் போகுது மேலே வா’ என்று அது போகும். அந்த ‘வா’வுக்குப் பிறகு இரண்டு வரி உண்டு. அந்த இரண்டு வரியை அவள் ஒத்திகையில்கூட யாருக்கும் பாடிக்காட்டவில்லை. முதலில் தாவீது கேட்கவேண்டும் என்று அடைகாத்து வைத்திருந்தாள்.

அவள் அம்மா சுரங்க எஞ்சினியர் பங்களாவில் ஆயாவாக இருந்தாள். மேபல் கோயில் பாடகர் குழுவில் பாடிப் பழகியவள், ஆனால் அங்கே அவளுக்கு நல்ல பெயர் கிடையாது. பெண்பிள்ளைக்குக் குரல் இவ்வளவு அடியில் இருக்கக்கூடாது என்று போதகரின் மனைவி அவளைக் கடைசி வரிசையில் நிறுத்திவைத்தார். அவளை முன்வரிசைக்குக் கூப்பிட்டவன் டெரிக் என்கிற ஆங்கிலோ இந்தியன். பேஸ் கிடார் வாசிப்பான். அவன் அண்ணன் கப்பலில் வேலை பார்த்ததால் அமெரிக்கத் துறைமுகங்களில் வாங்கிய இசைத்தட்டுகள் அவன் வீட்டில் குவிந்து கிடந்தன, அவற்றில் கறுப்பினப் பெண்கள் பாடினார்கள், அந்தப் பாட்டைச் சோல் என்றும் ஃபங்க் என்றும் சொன்னார்கள். அந்த இங்கிலீஷில் பாதி மேபலுக்குப் புரியாது. குரல் மட்டும் புரிந்தது. ஷிஃப்ட் முடிந்தும் ஆள் திரும்பாத வீட்டில் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவளின் மூச்சு அது என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தாது இடிக்கும் ஆலையின் தாளத்தை டெரிக் பேஸில் வாசித்தான், அதன்மேல் அவள் தமிழில் பாடினாள், ‘டீப் லெவல்ஸ்’ என்று அந்தக் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். பெங்களூரில் ஒரு தட்டுகூடப் பதிவு செய்தார்கள். அட்டையில் நான்கு ஆண்களின் படம் இருந்தது, பாடியவள் படமும் இல்லை, பெயரும் இல்லை. கேட்டதற்கு, “போட்டோக்காரன் வந்த அன்னிக்கு நீ துணி தொவைக்கப் போயிட்டே மேபல்” என்றான் டெரிக், என்னமோ பெயரையும் அவள் ஆற்றுக்குக் கொண்டுபோய்விட்டது போல.

‘வா’ மேடையின் இடதுபக்கம், மைக் நின்ற இடத்தில், அவள் வாயின் உயரத்தில் நின்றது. சத்தம் பெரிதில்லை. பக்கத்தில் போனால் பல்லில் தெரியும். கூட்டுகிறவர் அதைச் சுற்றிக் கூட்டினார். போதகர் வந்து ஜெபித்துப் பார்த்தார், அது ஜெபத்தோடு சேர்ந்து ஒலித்ததே தவிர நிற்கவில்லை. மாரியம்மன் கோயில் பூசாரி வந்து எலுமிச்சம்பழம் வைத்தார், பழம் வாடவும் இல்லை, அது அடங்கவும் இல்லை. மருத்துவமனையில் தூங்காமல் கத்துகிற குழந்தைகளைத் தாய்மார்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அதன் கீழே நாலு முறை ஆட்டினால் குழந்தை தூங்கிவிடும் என்று கண்டுபிடித்தார்கள், அத்தோடு ஊர் அதை வீட்டு மனுஷியாக ஏற்றுக்கொண்டது. இழுத்துக் கட்டியது போல நீளமாக இருந்ததால் கம்பி என்று பெயர் வந்தது. மேபலின் கம்பி என்று ஒரு வாரம் சொன்னார்கள். பிறகு வெறும் கம்பி.

கம்பி வந்த நாளிலிருந்து மேபலின் தொண்டையில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. பாட ஆரம்பித்தால் குரல் அந்தச் சுருதிவரை ஏறும், அங்கே போனதும் படியில்லாத படிக்கட்டில் கால் வைத்தது போல விழுந்துவிடும். டெரிக் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தான், பிறகு மற்ற மூன்று பேரோடு ஹோட்டல்களில் வாசிக்கப் போய்விட்டான், அப்புறம் ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டான்.

அடுத்த மழைக்காலத்தில் மேபல் குழாயடியில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். அவள் “அய்யோ” என்று கத்திய அதே நேரத்தில் மன்றத்தில் கம்பி தொய்ந்து, அரைச் சுருதி இறங்கி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிமிர்ந்தது. அன்று மத்தியானம் சுரங்கத்தில் பாறை வெடித்து ஆட்கள் செத்தார்கள். மேபலின் காலை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? அந்தக் காலம் முழுக்க அங்கே எப்படியும் பாறை வெடித்துக்கொண்டுதான் இருந்தது, எதை எதோடு வேண்டுமானாலும் முடிச்சுப் போடலாம். அவளுக்குக் காய்ச்சல் வந்து கம்பி இன்னொரு முறை தொய்ந்தபோது மறுநாள் இன்னொரு வெடிப்பு வந்தது, அது போதுமாயிருந்தது. கம்பி மண்ணின் வயிற்றில் நடப்பதைச் சொல்கிறது என்று ஊர் முடிவு கட்டியது.

கம்பெனியும் தொழிற்சங்கமும் அதுவரை எந்த விஷயத்திலும் ஒத்துப்போனது கிடையாது; கம்பி விஷயத்தில் ஒரே நாளில் ஒத்துப்போனார்கள். கம்பிக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்து, கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஒலிபெருக்கி கட்டி, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளுக்கும் சுரங்க வாய்க்கும் இரவும் பகலும் கேட்கும்படி செய்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்க ஒரு ஆளை வைத்தார்கள். தொய்ந்தால் சங்கு ஊதவேண்டும், சங்கு ஊதினால் ஆட்கள் எல்லோரும் மேலே வந்துவிட வேண்டும். கொஞ்ச நாளில் லைன் வீட்டுத் தகரக் கூரைகளுக்கெல்லாம் கம்பி பழகிவிட்டது, மின்சாரம் போனாலும் தகரம் தானே ஒலித்தது. கோயில் ஆர்மோனியத்தைக் கம்பிக்குச் சுருதி கூட்டினார்கள். வெளியூருக்குக் கல்யாணமாகிப் போன பெண்கள் அங்கே தூக்கம் வரவில்லை என்று ஒரு மாதத்தில் திரும்பி வந்தார்கள்.

தாவீதுக்கு மட்டும் கம்பி போதவில்லை. போகும்போதும் வரும்போதும் ‘வா, வா’ என்று ஊரே அவனைக் கூப்பிட்டது, அதற்குப் பிறகு என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டுக்கால் சூப்புக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு, “அந்த ரெண்டு வரிய சொல்லேண்டி” என்றான்.

“சொல்றதா? பாட்ட யாராவது சொல்லுவாங்களா? பாடணும்.”

“அப்ப பாடு.”

“வர மாட்டேங்குதே. அங்க போனா வுழுந்துடுது.”

“வுழுந்தா வுழட்டும். எனக்குத்தான. பாடு.”

அவள் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகப் பாடினாள். ‘மேலே’ வரைக்கும் வந்தது. ‘வா’வைத் தொடத் தொண்டையை நீட்டினாள், தெருக்கோடி மன்றத்தில் கம்பி தரைவரை தொய்ந்தது, சங்கு ஊதியது. கூண்டு கூண்டாக ஆட்கள் மேலே வந்தார்கள், ஞாயிறு ஷிஃப்டு மொத்தமும் வெயிலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது. பாறை வெடிக்கவே இல்லை. கம்பெனி அந்த நாளைச் சம்பளத்தில் கழித்தது. பக்கத்து வீட்டுச் சுவர் மெல்லிசு என்பதால் யார் பாடியது என்று அன்று பொழுது சாய்வதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

சுரங்கத்துக்குள் விசில் அடிக்கக்கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஒரு விதி உண்டு. விசில் பாறையை எழுப்பிவிடும் என்பார்கள். அந்த விதியை அப்படியே எடுத்து மேபலுக்குப் போட்டார்கள். இனிமேல் அவள் பாடக்கூடாது, முனகக்கூடாது, தாலாட்டக்கூடாது, கோயிலில் எல்லோரும் பாடும்போது உதட்டை மட்டும் அசைக்கலாம். கம்பி ஊரின் உயிர், அது யார் வாயிலிருந்து வந்ததோ அந்த வாய் மூடியிருந்தால்தான் அதற்குப் பாதுகாப்பு. இப்படி ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போகிற வழியில் அவளிடமே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டும் போனார்கள், அவ்வளவு நல்லவர்கள்.

இரண்டு வருஷம் அவள் வாயைத் திறக்கவில்லை. கம்பி நூல் பிசகாமல் நேராக நின்றது. அப்படி நேராக நின்றுகொண்டிருந்த ஒரு காலை நேரத்தில், சங்கு ஊதாமல், யாரும் எதிர்பார்க்காமல், கீழே பாறை வெடித்தது. பெண்கள் ஓடினார்கள், வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள், கூண்டு வந்தது, மறுபடி வந்தது, வந்தவர்களும் வந்த பிணங்களும் ஒவ்வொன்றாக அடையாளம் தெரிந்து அவரவர் வீட்டுக்குப் போனார்கள். தாவீது மட்டும் வரவில்லை. அவன் இருந்த சுரங்கப் பாதை மொத்தமாகச் சரிந்துவிட்டது, தோண்டினால் இன்னும் சரியும் என்று சொல்லிச் சுவர் எழுப்பி மூடிவிட்டார்கள். மேபல் மூன்றாம் நாள்வரை தலைப்பை வாயிலிருந்து எடுக்காமல் அங்கேயே நின்றாள். கடைசி ஆள் மேலே வந்தால்தானே பேசலாம்.

நான்காம் நாள் ஊர் பேசியது. கம்பி சொல்லாமல் இருக்காது, அவள்தான் ரகசியமாக ஏதோ முனகிக் கம்பியைக் குழப்பிவிட்டாள் என்று பேசியது. புருஷனை விழுங்கிவிட்டு நிற்கிறாள் பார் என்றது. சங்கத் தலைவர் எத்திராஜ் அவள் வீட்டுக்கு வந்தார். அவள் அவரை உட்காரச் சொல்லவில்லை.

“அண்ணே, நான் வாயத் தொறக்கல. கர்த்தர் மேல ஆணை” என்றாள். “அந்தக் கம்பிக்கு மண்ணப் பத்தி ஒண்ணும் தெரியாது. அதுக்கு என்னை மட்டுந்தான் தெரியும். என் கால் ஒடஞ்சுது, அது தொங்கிச்சு. எனக்குக் காய்ச்சல், அது தொங்கிச்சு. அது ஒரு பாட்டு அண்ணே. பாதிப் பாட்டு. எனக்குக் குடுத்துடுங்க.”

எத்திராஜ் முட்டாள் இல்லை. “எனக்குத் தெரியும்மா” என்றார்.

“தெரியுமா?”

“போன வருஷமே தெரியும். கால் ஒடஞ்ச தேதி, காய்ச்சல் தேதி, எல்லாம் ரோசன பண்ணிப் பாத்தேன். ஆனா இன்னா செய்யச் சொல்றே? அது ஒலிக்கலன்னா நாளைக்கு ஒருத்தன் கூண்டுல ஏற மாட்டான். கீழ போவலன்னா இந்த ஊர்ல அடுப்பு எரியுமா? பயத்த அடக்க ஏதோ ஒண்ணு வேணும்மா. அது உன் குரலா பூட்ச்சு.”

“அப்ப என்மேல பழி?”

“கம்பி மேல போட முடியாதே” என்றார் எத்திராஜ். சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அந்தத் தலைகுனிவை வைத்து மேபல் என்ன செய்வாள்? அதை உலையில் போட முடியுமா?

அவர் போன பிறகு மேபல் நேராக மன்றத்துக்குப் புறப்பட்டாள். பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவது என்றுதான் புறப்பட்டாள். வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தள்ளிக்கொண்டு போயிருப்பாள். பச்சையம்மா என்கிற பக்கத்து லைன் பெண், இடுப்பில் குழந்தையோடு, அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, எங்கூட்டு ஆளு இன்னும் கீழ போயிகினு கீறாரு. கம்பி கேட்டாதான் கூண்டுல காலு வெக்கிறாரு. தொடாதக்கா. உன் கால்ல வுழறேன்.”

குழந்தை கம்பியைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போயிருந்தது. மேபல் அதைப் பார்த்தாள். அங்கேயே, எல்லோர் முன்னாலும், ஒரு வாக்குக் கொடுத்தாள்: சுரங்கத்திலிருந்து கடைசி ஆள் மேலே வரும்வரை பாட மாட்டேன், கம்பியைத் தொட மாட்டேன். ஊர் நிம்மதியாக மூச்சுவிட்டது. அவள் வீட்டுக்குப் போய் இரண்டு வரியையும் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள், சரியாக இருந்தது, அப்படியே வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பாறை எத்தனையோ முறை வெடித்தது, கம்பி ஒருமுறையும் சொல்லவில்லை, ஊர் ஒருமுறையும் அதைச் சந்தேகப்படவில்லை. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் அவள் வீட்டு வாசலில் யாராவது மண்ணள்ளித் தூற்றிவிட்டுப் போனார்கள், ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் யாராவது குழந்தையைக் கம்பிக்குக் காட்டிவிட்டு வந்து அவளுக்குச் சர்க்கரை கொடுத்தார்கள். பாட்டோடு பேச்சையும் விட்டுவிட்டு அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தாள். புதிதாக வந்த வாத்தியார்கள் அவளைப் பிறவி ஊமை என்று நினைத்துச் சைகையில் பேசினார்கள், அவளும் திருத்தவில்லை.

பிறகு ஒருநாள் தங்கம் எடுக்கிற செலவு தங்கத்தைவிட அதிகம் என்று சொல்லிச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். கடைசிக் கூண்டு மேலே வந்தது, மாலை போட்டார்கள், அழுதார்கள். எத்திராஜ் மைக்கில், “நம்ம கடைசி ஆளும் மேல வந்தாச்சு” என்றார். கூட்டத்தின் பின்னால் நின்ற மேபல் தலையசைத்தாள், இல்லை என்று. ஒருவன் இன்னும் வரவில்லை. அவன் வரப்போவதில்லை என்றும் அவளுக்குத் தெரியும். கொடுத்த வாக்கு எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தண்ணீர் இறைக்கும் மோட்டார்களை நிறுத்தினார்கள், கீழ் ஊரில் தண்ணீர் ஏறியது, சுரங்க வாய்க்குக் கான்கிரீட் மூடி போட்டார்கள். எத்திராஜ் செத்தார். ஆண்களும் பெண்களும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரில் காவல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போய், இருட்டிய பிறகு திரும்பினார்கள். ஒலிபெருக்கிகளைத் திருடர்கள் கொண்டுபோனார்கள். மன்றத்துக் கதவை யாரோ புண்ணியவான் விறகுக்குக் கழற்றினான். தகரக் கூரைகள் மட்டும் விடாமல் ‘வா’ என்றன. யாருக்கும் அது கேட்கவில்லை, எப்போதும் இருப்பது எப்படிக் கேட்கும்?

பெங்களூரிலிருந்து சில பேர் கருவிகளோடு வந்து கம்பியைப் பதிவு செய்தார்கள். பாடியது யார் என்று கேட்டார்கள், பாவம், கேட்கத்தான் செய்தார்கள். “அது யாரும் பாடலை சார், ஊரோடது” என்று ஊர்க்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள். கேட்டவர்களுக்குப் பின்னால் பள்ளிக்கூடச் சமையல்கட்டிலிருந்து ஒரு கிழவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் ஒரு மார்ச் மாதம், மார்பில் சளி கட்டி மூச்சு முட்டிய மேபல் மருத்துவமனைக்குப் போக ஷேர் ஆட்டோவில் ஏறினாள். ஓட்டுகிறவன் ரேடியோ வைத்தான். நகைக்கடை விளம்பரம் வந்தது. முதலில் ஒரு பேஸ் கிடார், அப்புறம் அவள். இருபத்தைந்து வயசு மேபல், “வா... வா...” என்று வெட்டி வெட்டி ஒட்டப்பட்டு, செய்கூலி இல்லை சேதாரம் இல்லை என்று ஒருவன் இடையில் பேச, தங்கம் வாங்க ஊரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதோடு சேர்ந்து தலையாட்டினார்கள்.

“யாரு பாடறது?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“யாருன்னெல்லாம் போட மாட்டாங்க. வாய்ஸ்தான்” என்றாள் மற்றவள்.

எந்தத் தங்கத்துக்காகத் தாவீது கீழே போனானோ அந்தத் தங்கத்துக்கு அவனைக் கூப்பிட்ட குரலே தரகு வேலை பார்க்கிறது. மேபலுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் வராத கோபம், காலிலிருந்து தலைக்கு ஏறியது. “நிறுத்துப்பா” என்றாள். ஊமைக் கிழவி பேசியதைக் கேட்டு ஓட்டுகிறவன் பயந்து பிரேக் போட்டான்.

சாயங்கால ரயில் வந்து ஆட்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் மன்றத்துக்குள் போனாள். ஆடுகள் படுத்திருந்தன. கம்பி அதே இடத்தில், அதே உயரத்தில் நின்றது. அவள்தான் கூன் விழுந்து குட்டையாகிவிட்டாள். ஒரு கல்லை உருட்டி வந்து, அதன்மேல் ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். “தப்புன்னா மன்னிச்சுடு. வாக்கு குடுத்தது ஊருக்காக, உடைக்கறது உனக்காக” என்று தாவீதிடம் சொன்னாள். வாயைத் திறந்து, மருந்து விழுங்குவது போலக் கண்ணை மூடி, அதை உள்ளே வாங்கி, வாயை மூடிக்கொண்டாள்.

பொற்பாறையில் தகரக் கூரைகள் அத்தனையும் ஒரே நொடியில் ஓய்ந்தன.

அந்த ஊரில் கம்பிக்குப் பின் பிறந்த யாரும் அதுவரை அமைதியைக் கேட்டதில்லை. சோறு பிசைந்துகொண்டிருந்தவர்கள் எழுந்தார்கள், துணி மாற்றிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் வந்தார்கள், கம்பி நின்றுவிட்டது என்றால் கீழே ஏதோ நடந்துவிட்டது என்று எலும்பில் எழுதியிருந்தது. எல்லோரும் ஓடினார்கள். சுரங்கம் மூடியபிறகு பிறந்த பிள்ளைகளும், ஏன் ஓடுகிறோம் என்று தெரியாமலே பெரியவர்களுக்கு முன்னால் ஓடினார்கள். ஓடிப்போய்க் கான்கிரீட் மூடியைச் சுற்றி நின்றார்கள். பெண்கள் தலைப்பாலும் துப்பட்டாவாலும் வாயைப் பொத்தினார்கள். கூண்டு இல்லை, கயிறு இல்லை, கீழே ஆள் இல்லை, தண்ணீர்தான். ஊர் மொத்தமும் மூச்சுவிடாமல் காத்திருந்தது.

மேபல் எல்லோருக்கும் கடைசியாக, இரைக்க இரைக்க வந்து சேர்ந்தாள். ஒரு பாட்டுக்காரிக்கு இப்படி ஒரு கூட்டம், இப்படி ஒரு நிசப்தம், வாழ்நாளில் ஒருமுறை வாய்த்தால் பெரிது. அவள் அவர்களைப் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மூடியின் ஓரத்தில் நின்று வாயைத் திறந்தாள். பழைய பச்சையம்மா, பல்லெல்லாம் போன கிழவி, முன்வரிசையில் நின்றிருந்தவள், அவள் கையைப் பிடித்தாள்.

“அக்கா, சும்மா இரு. ஆளுங்க மேல வரட்டும்” என்றாள் ரகசியக் குரலில்.

“வரவேண்டியவங்க எல்லாம் வந்துட்டாங்க பச்ச” என்றாள் மேபல். “ஒருத்தரு வரல. அவருக்குத்தான் பாடணும். கைய வுடு.”

பச்சையம்மா விட்டாள்.

‘வா’ முதலில் இருபத்தைந்து வயசுக் குரலில் வந்தது. ஊர் அதை உடனே அடையாளம் கண்டு, திரும்பி, அது ஒரு கிழவியின் வாயிலிருந்து வருவதைப் பார்த்தது. அத்தனை வருஷம் நின்ற இடத்திலேயே நின்றது, இப்போது நகர்ந்தது, கீழே இறங்கியது, இறங்க இறங்கக் கிழடு தட்டியது, கரகரத்தது, மார்புச் சளி அதில் கேட்டது. யாருக்கும் தெரியாத அந்த இரண்டு வரியும் வந்தன.

‘வரலைன்னாலும் பரவால்ல ஆளே,
நானே எறங்கி வரேன், வழி சொல்லு.’

அவ்வளவுதான் பாட்டு. முடிந்துவிட்டது. அவள் மூடியின்மேல் உட்கார்ந்து, உள்ளங்கையைக் கான்கிரீட்டில் வைத்துக்கொண்டாள்.

அப்போது பூமி குலுங்கியது. தண்ணீர் ஏறிய சுரங்கம் அவ்வப்போது அப்படிக் குலுங்குவதுண்டு. வீடுகளில் பாத்திரங்கள் உருண்டன, மன்றத்துச் சுவர் ஒன்று விழுந்தது. யாரும் ஓடவில்லை, ஓடிவரவேண்டிய இடத்தில்தான் எல்லோரும் நின்றிருந்தார்கள்.

பெங்களூர் மாலில் காவல் வேலை பார்க்கும் ஒரு பெண், சீருடையோடு நின்றவள், பச்சையம்மாவின் காதருகே குனிந்தாள். “யாரு ஆயா இவங்க?”

தாவீது பெண்டாட்டி என்று சொல்லத்தான் பச்சையம்மா தலைப்பை எடுத்தாள். “பாட்டுக்காரி” என்றாள்.

மேபல் தலையை நிமிர்த்தி, “அவருக்குக் கேட்டிருக்குமா பச்ச?” என்றாள்.

பச்சையம்மா தலைப்பை மறுபடி வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு குனிந்து நின்றாள். மற்றவர்களும் அப்படியே நின்றார்கள், கீழே இருந்து யாராவது தட்டினால் காதில் விழவேண்டுமே என்று.